தோளுக்கேற்ற கட்டை

வேப்பகுப்பம், நகரி வழி
20-9-1959

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை தாட்சாயணி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் அவரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் குழந்தை அலர்மேல்மங்கையும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தைக்குக் காது வலி என்று எழுதியிருந்தீர்களே, தேவலையா?

இந்தக் கடிதத்தோடு நகரி சிட்டிபாபு ஒரு கோணிப்பை கொண்டுவருவார். புடவை மூட்டையோடு மாசத்துக்கு ஒருமுறை திருப்பதிக்கு வருகிற நெசவுக்காரர்தான். பையில் எங்கள் துப்பாக்கியின் மரக்கட்டை இருக்கிறது. குழல் இங்கேயே இருக்கிறது. கட்டையை மட்டும் கழற்றி அனுப்பினால் லைசென்சு, போலீசு என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று நீங்கள் ஒருமுறை சொன்னது ஞாபகம் இருந்தது. கைப்பிடிக்குக் கிட்டே மயிரிழை போல ஒரு விரிசல் விட்டிருக்கிறது. அதைக் காட்டித்தான் அவரிடம் சம்மதம் வாங்கினேன்.

இன்னொரு விஷயம். இந்த வருஷம் கடலைக்காய்க் காவலுக்கு எங்கள் ஆள் சின்னசாமியைப் போடலாம் என்று இருக்கிறோம். அவருக்கு வேலை அதிகம். சின்னசாமி சிறிய உடம்பு. இந்தக் கட்டை அவனுக்கு நீளம். தோளுக்குத் தூக்கினால் அக்குளில் மாட்டிக்கொள்கிறது. கன்னமும் கட்டையில் படியவில்லை. சிறிய உடம்புக்குத் தகுந்தமாதிரி செய்துதர முடியுமா? துப்பாக்கிக் கடையில் இத்தனை வருஷமாகக் கட்டை இழைக்கிறவருக்கு நான் என்ன சொல்வது.

அவசரமே இல்லை அண்ணா. நிதானமாகச் செய்யுங்கள். தீபாவளி தாண்டினாலும் பரவாயில்லை.

செவலைக் கன்று போன வாரம் செத்துப்போயிற்று. அண்ணிக்கு அதன்மேல் ஆசை, சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கை
தாட்சாயணி


திருப்பதி
1-10-1959

தங்கை தாட்சாயணிக்கு ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு என் வணக்கம் சொல்லவும். குழந்தைக்குக் காது சரியாகிவிட்டது, இப்போது நாங்கள்தான் காதைப் பொத்திக்கொள்கிறோம், அவ்வளவு வாய். உன் அண்ணிக்கு நான்காவது மாசம். உடம்பு கொஞ்சம் படுத்துகிறது, பயப்படும்படி ஒன்றும் இல்லை.

கட்டை வந்து சேர்ந்தது. காட்டுப்பன்றி கொல்லையில் இறங்குகிற மாசத்தில் துப்பாக்கியைக் கழற்றி வெளியூருக்கு அனுப்பிவிட்டு, 'அவசரமே இல்லை' என்று எழுதுகிற குடித்தனத்தை இப்போதுதான் பார்க்கிறேன். பணக்காரி ஆகிவிட்டாயா? பன்றிக்கெல்லாம் விருந்து வைக்கிறாயா?

இந்தக் கட்டையை அறுக்க எனக்கு மனசு இல்லை. மாப்பிள்ளையின் அப்பா காலத்து வால்நட் மரம், கல்லுப்போல இருக்கிறது. அவர்கள் வீட்டு ஆட்களுக்கு நீண்ட கை, அகன்ற முகம். அதற்கு இது சரி. சிறிய ஆளுக்குப் புதிதாகவே ஒன்று இழைக்கிறேன். பழையது இங்கே பத்திரமாக இருக்கட்டும்.

அறுத்துக் குட்டையாக்கினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது கால்வாசி வேலைதான். எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். சின்னசாமி வலது முழங்கையை மடக்கி, துப்பாக்கி பிடிக்கிறவன் மாதிரி விரலை நீட்டட்டும். முழங்கை மடிப்பிலிருந்து ஆட்காட்டி விரலின் முதல் மடிப்புவரை நூல் பிடித்து முடிச்சுப் போட்டு அனுப்பு. கன்ன எலும்பிலிருந்து கண் மணிவரை ஒரு நூல். கழுத்து நீளமா குட்டையா, அதையும் எழுது. கன்னத்தை வைத்ததும் கண் தானாகக் குழலின் நேரே வந்து நிற்கவேண்டும். கட்டையின் முதுகு தாழ்ந்திருந்தால் குறி கீழே போகும், உயர்ந்திருந்தால் மேலே போகும்.

எந்தக் கண் முந்துகிறது என்பதும் எனக்குத் தெரியவேண்டும். இரண்டு கண்ணையும் திறந்தபடி கையை நீட்டிக் கட்டைவிரலால் தூரத்துப் பனையை மறைக்கட்டும். பிறகு இடது கண்ணை மூடட்டும். விரல் பனைமேலேயே நின்றால் வலது கண். நகர்ந்துபோனால் இடது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு வலது கண் முந்தவேண்டும்.

சின்னசாமி யார் என்று எனக்கு முகம் வரவில்லை. கன்று எப்படிச் செத்தது? நோயா?

முனிகிருஷ்ணன்


வேப்பகுப்பம்
16-10-1959

அன்புள்ள அண்ணனுக்குத் தாட்சாயணி. அண்ணிக்கு மாசம் என்று படித்து எத்தனை சந்தோஷம். புளிப்பாக ஏதாவது கேட்பார்கள். சிட்டிபாபுவிடம் மாவடு ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். நாங்கள் சுகம்.

இரண்டு நூலும் இதில் மடித்து வைத்திருக்கிறேன். சிவப்பு நூல் கைக்கு, வெள்ளை நூல் முகத்துக்கு. கழுத்து கொஞ்சம் நீளம். கண் சோதனையும் செய்தாயிற்று. வலது கண்தான்.

அதைச் செய்துகொண்டிருந்தபோது அவரும் வந்தார். என்ன வேடிக்கை என்று கேட்டுவிட்டு, விளையாட்டாகத் தானும் கையை நீட்டினார். பனையை மறைத்தார். இடது கண்ணை மூடினார். கொஞ்சநேரம் அப்படியே நின்றார். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஒரு சந்தேகம். கட்டையை உங்களுக்கு அனுப்புமுன் தோளில் வைத்துப் பார்த்தபோது, அடி முனை நெஞ்சில் குத்தியது. சின்னசாமி கேட்கச் சொன்னான். அதற்கு ஏதாவது வழி உண்டா?

எல்லை பிரிக்கிறதற்காகச் சர்வே ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராசுக்கு என்று தினமும் ஒரு பேச்சு. வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க, விடிவதற்குள் சங்கிலியை இழுத்துக்கொண்டு புதர் புதராக நுழைகிறார்கள். யாரும் அவர்களுக்கு எச்சரிக்கை சொல்வதில்லை.

பன்றி இறங்கிவிட்டது. மேற்கு மூலையில் கடலையைக் கிளறிப்போட்டிருக்கிறது. ஆனாலும் அவசரம் இல்லை அண்ணா. கட்டை உங்களிடம் இருக்கிற வரை நான் நன்றாகத் தூங்குகிறேன்.

தாட்சாயணி


திருப்பதி
5-11-1959

என் கண்ணான நாத்தனார் தாட்சாயணிக்கு இந்திராணி எழுதுவது. இந்தக் கடிதத்தை உன் அண்ணன் பார்க்கவில்லை. மாவடு வந்தது. பாதி ஜாடியை அன்றைக்கே தின்றுவிட்டேன். தீபாவளிக்கு எண்ணெய் வைத்துக் குளித்தாயா? உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் கல்யாணத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தவன்தானே சின்னசாமி? வாசல் நிலையில் இடித்துக்கொண்டு விளக்கு உடைந்ததே! அவன் எந்தக் காலத்தில் சிறிய உடம்பு ஆனான்? உன் அண்ணனுக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும். எனக்கு மறக்காது.

அந்தச் சிவப்பு நூலை என் அளவு நாடாவோடு வைத்துப் பார்த்தேன். உனக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் நான். அது உன் கை. 'அடி முனை நெஞ்சில் குத்துகிறது' என்று எழுதினாயே, உன் அண்ணன் அதைப் படித்துவிட்டு, "ஆம்பளைக்கு அங்கே எப்படிக் குத்தும்?" என்று தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கூடப்பிறந்தவனிடம் அதைச் சொல்ல உனக்குக் கூச்சம், சரிதான். அதற்காகச் சின்னசாமி அளவு என்று பொய் எழுதலாமா? அந்த முனையை வெளிப்பக்கமாகச் சாய்த்து, உள்ளே கொஞ்சம் சீவிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலையில் இழைக்க ஆரம்பித்துவிட்டார்.

நீ எதற்குத் துப்பாக்கி தூக்கவேண்டும்? உன் வீட்டுக்காரருக்கு என்ன? கன்று எப்படிச் செத்தது என்று கேட்டதற்குப் பதிலே காணோம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மசக்கைதான் காரணம் என்று எழுதிவிடாதே. உள்ளதை எழுது.

இந்திராணி


வேப்பகுப்பம்
17-11-1959

அன்புள்ள அண்ணிக்கு. உங்கள் கடிதத்தை மாட்டுக் கொட்டகையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அழுதேன். கேட்க ஒரு ஆள் கிடைத்தாரே என்றுதான் அழுதேன். அண்ணனிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஆனி மாசம் வேலி கட்டும்போது கருவேல முள் அவருடைய வலது கண்ணில் பட்டது. அன்றைக்கே டாக்டரிடம் போயிருந்தால் சரியாகியிருக்குமோ என்னவோ. எங்கள் வழக்கப்படி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டோம். நான்தான் விட்டேன் அண்ணி. எரிகிறது எரிகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, எரிந்தால்தான் ஆறும் என்று தினமும் விட்டேன். கண்ணில் வெள்ளை விழுந்தது. கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, போகப்போகச் சரியாகும் என்று அவர் சொன்னதை நம்பினேன். அண்ணன் எழுதிய சோதனையை அவர் செய்தபோதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு நின்றவர் எதிரில் நான் நின்றேன். என் பக்கம் திரும்பி, "பனை எங்கடி?" என்று மெல்லக் கேட்டார். பனை மட்டுமா, நானே அவருக்குத் தெரியவில்லை.

கன்று நோயில் சாகவில்லை. விடியற்காலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு கடலைக்கொல்லையில் இறங்கியிருக்கிறது. அவர் காவல் பரணிலிருந்து சத்தத்தைக் கேட்டுச் சுட்டுவிட்டார். பாம்பு கடித்தது என்று ஊருக்குச் சொல்லிப் புதைத்தோம். புதைத்த சின்னசாமி, "எனக்கு வாணாம்மா, அந்தத் துப்பாக்கி கீற பக்கமே நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். அவரோ மறுநாளும் பரண் ஏறினார். கண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்கவிடுவதில்லை. 'துப்பாக்கி வீடு' என்றுதான் எங்களுக்குப் பெயர். அந்தப் பெயர் தன்னோடு போய்விடும் என்கிற பயம் அவருக்கு.

என் பயம் வேறு. இங்கே பொம்பளைகள் விடிவதற்கு முன்னால்தான் வெளிக்குப் போகிறோம். கொல்லை ஓரத்துப் புதர்தான் மறைவு. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் போகிறாள், அவள் மருமகள் போகிறாள், சர்வே ஆட்கள் போகிறார்கள். அவர் பரணில் இருக்கிற ஒவ்வொரு விடியலும் சத்தம் கேட்குமோ என்று நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். கேட்டால் யார் என்று ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும். கன்று போனால் அழுதுவிட்டு இருக்கலாம். மனுஷ உயிர் போனால்?

அதனால்தான் கட்டையைக் கழற்றி அனுப்பினேன். ஆனால் எத்தனை நாள் அப்படி வைத்திருக்க முடியும்? பாதிக் கொல்லையைப் பன்றி கிளறிவிட்டது. தினமும் கட்டை எங்கே என்கிறார். பரணில் ஒருவருக்குத்தான் இடம். அவருக்கு முன்னால் நான் ஏறிவிட்டால் அவர் ஏறமாட்டார். எனக்குக் கண் இருக்கிறது. நெஞ்சில் குத்தாத கட்டை ஒன்றுதான் வேண்டும்.

உங்கள் உடம்பு ஜாக்கிரதை. இதை நினைத்துக் கவலைப்படாதீர்கள் என்று எழுத வருகிறது, எழுதி என்ன.

தாட்சாயணி


திருப்பதி
6-12-1959

தாட்சாயணிக்கு அண்ணன். உன் அண்ணி நலம். மற்றபடி நலம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை. இந்திராணி சொன்ன அன்றைக்கு இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். கடையை விட்டுக் கோவிந்தராஜர் சன்னிதியில் போய் உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் நேரே சொல்லியிருக்கலாம். கோபம் இல்லை, பயம்தான்.

புதுக் கட்டை சிட்டிபாபுவிடம் வருகிறது. மாப்பிள்ளைக்கு இருந்ததைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. இலேசான துப்பாக்கி அதிகமாக உதைக்கும். அதற்காகக் கட்டையின் பின்புறம் குடைந்து ஈயம் ஊற்றி அடைத்திருக்கிறேன். கைப்பிடியை உன் விரலுக்கு மெலிதாக்கினேன். அடி முனை வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், இனிக் குத்தாது. பனிக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு ஏறாதே. அதன் தடிப்புக்குக் கட்டை மறுபடியும் நீளமாகிவிடும், மாட்டிக்கொள்ளும். காது மட்டும் துண்டால் கட்டு.

இதைக் கவனமாகப் படி. உன் முகம் சிறியது, கழுத்து நீளம். அதனால் கட்டையின் முதுகை உயர்த்தி வைத்திருக்கிறேன். உன் கண்ணுக்குக் குறி நேராக நிற்கும். மாப்பிள்ளையின் முகத்துக்கு நிற்காது. அவர் எடுத்தால் கண் மேலே தூக்கி நிற்கும், சுட்டது தலைக்குமேல் போகும். கட்டைவிரல் மூக்கிலும் அடிக்கும். அவர் இதைத் தொடவேண்டாம்.

முதலில் தோட்டா இல்லாமல் தோளில் வைத்து வைத்துப் பழகு. என்ன என்று கண்ணால் பார்க்காமல் விசையில் விரலை வைக்காதே. அவரை எப்படியாவது வேலூர்க் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. இந்திராணிக்கு மாசம் ஏறுகிறது, இங்கே வேறு ஆள் துணை இல்லை. இல்லாவிட்டால் நானே வந்து நின்றிருப்பேன்.

முனிகிருஷ்ணன்


வேப்பகுப்பம்
4-1-1960

மச்சான் அவர்களுக்குத் தாமோதரன் வணக்கம். அவர் சொல்ல நான் தாட்சாயணி எழுதுகிறேன். இங்கு அனைவரும் சுகம். தங்கள் சுகத்துக்குப் பதில் எழுதவும்.

தாங்கள் அனுப்பிய புதுக் கட்டை கிடைத்தது. வேலைப்பாடு நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு உதவாது. ஆகவே எங்கள் அப்பா காலத்துப் பழைய கட்டையை, விரிசல் அடைத்து, அடுத்தமுறை சிட்டிபாபு வரும்போது தவறாமல் கொடுத்தனுப்பவும். கிணற்றுத் தண்ணீரில் இறைவைக் கடலை போட்டிருக்கிறோம். மாசியில் பன்றி வரும். அது எங்கள் பொருள் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

தாமோதரன்


வேப்பகுப்பம்
5-1-1960

அண்ணா, அனுப்பாதீர்கள்.

நேற்றைய கடிதத்தை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னார். முன்பெல்லாம் முத்துமுத்தாகத் தானே எழுதுவார். இப்போது மிச்சமிருக்கிற கண்ணுக்கும் வரி தெரியவில்லை.

புதுக் கட்டையைப் பூட்டித் தோளுக்குத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரல் மூக்கில் போய் முட்டியது. சிரித்தார். "இன்னாடி இது, பொம்பளைக்கு இழைச்ச கட்டையாட்டம் கீது?" என்றார். நான் சிரிக்கவில்லை. "யாருக்குடி?" என்றார். எனக்குத்தான் என்றேன். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனார். நான் வைத்த சோற்றை இரண்டு நாள் தொடவில்லை. கண்ணைப் பற்றி உங்களுக்கெல்லாம் தெரியும் என்று நான் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால் என்ன செய்வாரோ. தோட்டாக்களை உளுந்துப் பானையில் புதைத்து வைத்திருக்கிறேன்.

ஏதாவது சாக்குச் சொல்லுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

தாட்சாயணி


திருப்பதி
18-1-1960

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு முனிகிருஷ்ணன் பணிவான வணக்கம். இங்கு எல்லோரும் சௌக்கியம். பொங்கல் நன்றாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன். கறவை மாடு கன்று போட்டதா?

தங்கள் கட்டை தங்கள் பொருள்தான். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. விரிசலைத் திறந்து பார்த்ததில் உள்ளே ஆழமாக ஓடியிருக்கிறது. பிசின் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். பனி ஈரத்தில் காய மாட்டேன் என்கிறது. பங்குனி வெயில் வந்தால்தான் நம்பிக் கொடுக்க முடியும். அவசரப்பட்டு எடுத்துச் சுட்டால் முகத்திலேயே உடையும். தை மாசப் பனியில் யாருக்கும் காவலே வேண்டாம் என்பேன். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற எனக்கே விடியலில் பத்தடி தெரியவில்லை.

மாசி மகத்துக்கு இருவரும் திருப்பதிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கிப்போகவேண்டும்.

தங்கள் மச்சான்
முனிகிருஷ்ணன்


திருப்பதி
8-2-1960

தாட்சாயணிக்கு. ஏன் பதில் இல்லை? எல்லோரும் நலந்தானே?

மாப்பிள்ளைக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, எழுதியதை இந்திராணிக்குச் சொன்னேன். 'இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற எனக்கே' என்ற இடத்தில் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தபால் பெட்டிக்கு ஓடினேன். பை போய்விட்டது. அந்தக் கடிதத்தை அவருக்கு நீதானே படித்துக் காட்டியிருப்பாய்? அந்த வரியை விட்டுவிட்டுப் படித்தாய் என்று எழுது. அது போதும்.

அண்ணன்


திருப்பதி
20-2-1960

தாட்சாயணி, சிட்டிபாபு இங்கே என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நகரிச் சந்தையில் ஒரு பேச்சாம். வேப்பகுப்பத்தில் ஒருநாள் விடியலில் வெடிச்சத்தம் கேட்டதாம். யாரோ ஒரு பொம்பளையைக் கட்டிலில் வைத்துத் தூக்கிப்போனார்களாம். யார் என்று கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டார். அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்.

இந்திராணிக்கு நேற்றிலிருந்து இடுப்பு வலி. நாள் இன்னும் ஆகவில்லை. மருத்துவச்சி பக்கத்திலேயே இருக்கிறாள். இவளை விட்டு நான் ஊர் தாண்ட முடியாது. சிட்டிபாபுவை இப்போதே ரயிலேற்றி அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை உன் கையில்தான் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வேறு யார் கையிலாவது கொடுக்கும்படி ஆகிவிட்டால், அதை நினைக்க எனக்குத் தெம்பு இல்லை.

எனக்கு நியாயம், விளக்கம் ஒன்றும் வேண்டாம். உன் கையெழுத்தில் உன் பெயரை மட்டும் எழுதி அனுப்பு அம்மா.

முனிகிருஷ்ணன்


வேப்பகுப்பம்
3-3-1960

அண்ணா, நான் தாட்சாயணி. உயிரோடு இருக்கிறேன். அவரும் இருக்கிறார். அண்ணி எப்படி இருக்கிறார்கள்? பிரசவம் ஆயிற்றா? தாயும் பிள்ளையும் நலமா? சிட்டிபாபு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. நாங்கள் வேலூரில் இருந்தோம். கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்து, மறுபடி வந்து இன்றைக்குத்தான் என் கையில் கொடுத்தார். இதை எழுதி முடிக்கிறவரை வாசலில் காத்திருக்கிறார்.

நீங்கள் எழுதிய அந்த வரியை நான் படிக்கவில்லை. ஆனால் அந்த இடம் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. "இன்னா எழுதிக்கிறாரு, படி" என்றார். நான் அடுத்த வரிக்குத் தாவினேன். அவர் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, இடது கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஊரெல்லாம் சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் விடியலில் அவர் பாயில் இல்லை. கொல்லைப் பக்கம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். துப்பாக்கி மாட்டியிருந்த ஆணியைப் பார்க்கத் தோன்றவில்லை. தோட்டாதான் பானைக்குள் இருக்கிறதே என்கிற தைரியம். அவருடைய பழைய சட்டைப் பையில் ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. நானும் எப்போதும்போல வெளிக்குப் போனேன். திரும்பி வரும்போது வரப்போரம் மண் கிளறிக் கிடந்தது. பன்றியோ என்று குனிந்து கடலைச் செடிக்குள் நாலடி போனேன். பனி அப்படி இருந்தது, என் கையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

வெடிச்சத்தத்தை நான் கேட்ட மாதிரியே ஞாபகம் இல்லை. என் தலைக்குமேலே பனையோலையெல்லாம் சடசடவென்று கிழிந்தது. ஒரு மட்டை முறிந்து தோளில் விழுந்தது. மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தேன். கத்த வாய் வரவில்லை. அவர் தடியோடு ஓடிவந்தார். பக்கத்தில் வந்து பன்றி என்று தடியை ஓங்கினார் அண்ணா. அப்போதுதான் என் வளையல் சத்தம் கேட்டிருக்கிறது.

தடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவில்லை. என் தலையை, முகத்தை, கழுத்தை, முதுகை இரண்டு கையாலும் தடவித் தடவி ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். "நீயாடி? நீயா? பன்னின்னு நெனச்சுக்கினேனே" என்று அதையே சொன்னார். அப்புறம் பச்சையம்மாள் வந்தாள், கட்டில் வந்தது. எனக்குத் தோள் எலும்பு பிசகியிருந்தது. காய்ச்சலும் விட்டு விட்டு அடித்தது. பேனா பிடிக்கக் கை வரவில்லை.

காய்ச்சலில் கிடந்தபோது உங்கள் கடிதம்தான் மனசில் ஓடியது. கட்டையின் முதுகை உயர்த்தியிருக்கிறேன், மாப்பிள்ளை எடுத்தால் தலைக்குமேல் போகும் என்று எழுதினீர்களே. பழைய கட்டையாக இருந்திருந்தால் அவர் குறி தப்பியிருக்காது. சத்தத்துக்குக் குறி வைப்பதில் அவர் கெட்டிக்காரர். கன்றுக்கு நடுநெற்றியில் பட்டிருந்தது. இதை அவரிடம் சொன்னேன். அவர் புதுக் கட்டையை மடியில் வைத்து எண்ணெய் தடவினார்.

நான் எழுந்து நடந்ததும் அவராகவே வேலூருக்குப் போகலாம் என்றார். வலது கண் போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார்கள். இடது கண்ணைக் காப்பாற்ற மருந்து கொடுத்திருக்கிறார்கள். வழியில் சித்தூரில் இறங்கி, லைசென்சில் என் பெயரையும் சேர்க்க மனு கொடுத்தார். குமாஸ்தா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஆடமனிஷா?" என்று தெலுங்கில் கேட்டார். "ஆமாம், பொம்பளைதான், கண்ணு தெரிஞ்ச பொம்பளை" என்று இவர் அத்தனை பேருக்கு எதிரில் தமிழிலேயே சொன்னார். ஏப்ரல் முதல் தேதி எல்லை மாறட்டும், அப்புறம் வாருங்கள் என்றார்கள். நம் ஊர் ஆந்திராவிலேயே நிற்கிறதாம். கல்லும் நட்டுவிட்டார்கள்.

காகிதம் வருகிறவரை துப்பாக்கி அவர் பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்று, பரணுக்குக் கீழே அவரும் வந்து நிற்கிறார். நன்றாக வெளுத்த பிறகுதான் நான் ஏறுகிறேன். வெளிக்குப் போகிற பொம்பளைகள் விளக்கோடுதான் போகவேண்டும் என்று வீடு வீடாக அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணத்தையும் சொன்னார். முந்தாநாள் "வடக்கால, வரப்போரம்" என்று காதாலேயே கண்டுபிடித்துச் சொன்னார். நான் பார்த்தேன். மனுஷன் இல்லை என்று மூன்றுதரம் பார்த்தேன். அப்புறம் சுட்டேன். கட்டை நெஞ்சில் குத்தவில்லை அண்ணா. பன்றி விழுந்தது. நான் பரணிலிருந்து இறங்கி வாந்தி எடுத்தேன். பயம் போகவில்லை. போகவும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அண்ணியைப் பற்றி உடனே எழுதுங்கள். அடியில் அவர் ஏதோ தானே எழுதவேண்டும் என்று பேனாவைக் கேட்கிறார். கோணலாக இருக்கும், பொறுத்துப் படியுங்கள்.

உங்கள் தங்கை
தாட்சாயணி

மச்சானுக்குத் தாமோதரன். பழைய கட்டையை அனுப்ப வேண்டாம். பிள்ளை பெற்ற வீட்டில் வெந்நீர் அடுப்பு அணையாது. அதில் வைத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த மரம், புகையாமல் எரியும்.